அப்பாவை நேராக வைத்தவர்

குடும்பப் பெருமையை ஊருக்கு எடுத்துச் சொல்ல ஒரு நாடகம் தேவைப்படுகிறது என்றால், பெருமைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பெரியவரிடம் இதைச் சொல்லும் துணிச்சல் அவருடைய மனைவி ஒருவருக்குத்தான் உண்டு. அந்த அம்மாளும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரியவர் தாம் எழுதும் நாடகத்தை வீட்டில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். மனைவி எதிர்பார்த்ததும் அதைத்தான்.

விஷயம் இதுதான். பெரியவரின் அப்பா அந்தக் காலத்தில் ஆற்றங்கரை மேற்பார்வையாளர். பெருவெள்ளம் வந்தபோது, கொட்டுகிற மழையில் தனி ஆளாக மதகை அடைத்து ஊரைக் காப்பாற்றினார். இது பெரியவர் வீட்டு வரலாறு. சித்தப்பா வீட்டில் வேறொரு வரலாறு புழக்கத்தில் இருந்தது. அதில் மதகை அடைத்தவர் சித்தப்பா. அப்பா அந்த நேரத்தில் வீட்டுக்குள் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவின் மகனுக்குக் குடும்பத்தில் 'மைக்' என்று பெயர். கல்யாண வீடோ இரங்கல் கூட்டமோ, எங்கே மைக் தெரிந்தாலும் அவருடைய கை தானாக நீளும். போன வருடம் நகர மன்றத்தின் ஆண்டு விழாவில் அந்தக் கை நீண்டது. குடைக் கதையைச் சொன்னார். மன்றம் முழுக்கச் சிரித்தது. பெரியவர் எழுந்து வெளியே போகவில்லை. அப்படிப் போவதெல்லாம் சாதாரண மனிதர்கள் செய்வது. அவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்து, சிரிப்பு அடங்கும்வரை மேடைத் திரையின் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இந்த வருடம் ஆண்டு விழாவில் அவருடைய நாடகம். அதே மன்றம், அதே கூட்டம், முன்வரிசையில் அதே மைக். அடுத்தடுத்து இரண்டு நாள் மேடையேறுகிறது. எந்த இடத்தில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதே இடத்தில் அப்பாவைப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும். அதற்காகத்தான் கடைசிக் காட்சி. மதகு அடைபட்டு மழை ஓய்ந்ததும், பின்திரையில் மேகங்கள் விலகி அப்பாவின் உண்மையான முகம் எழும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எவனுக்கும் குடை ஞாபகம் வரக் கூடாது. அதற்கு முன்னால் வரும் இரண்டு மணி நேரமும் அந்த முகம் வருவதற்கான காத்திருப்புதான். ஒத்திகை பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், வேறு தொனியில்.

மழை, வெள்ளம், மேகம், முகம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் செய்வது மருமகள். மேடை விளக்கு அமைப்பதுதான் அவளுடைய தொழில். பெண் பார்த்த சமயத்தில் உறவுக்காரர்களிடம் பெரியவர், "பொண்ணு மின்சாரத் துறையில இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. கொஞ்சம் பொதுப்படையான உண்மை.

அப்பாவாக நடிப்பவன் மகன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நடிப்பு வராது. ஆனால் அப்பாவின் மீசையை வெளியாள் ஒருவன் ஒட்டிக்கொள்வதைப் பெரியவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நடிப்பு வராதவன் ஒட்டிக்கொள்ளலாம், ரத்தம் ஒன்றாக இருந்தால் போதும்.

மருமகள் கருவிகளை இறக்கிய அன்று முதலில் மழையைப் போட்டுக் காட்டினாள். பெட்டி போன்ற ஒரு விளக்கு, அதன் முன்னால் கோடுகள் கீறிய கண்ணாடி வட்டு, அதைச் சுற்ற ஒரு சின்ன மோட்டார், கடைசியில் லென்ஸ். விசையைத் தட்டியதும் பின்திரை முழுக்கச் சாரல் சாரலாக மழை. அச்சு அசலான மழை. ஒரே ஒரு குறை. தரையிலிருந்து வானத்துக்குப் பெய்துகொண்டிருந்தது.

"மழை ஏம்மா மேல போகுது?" என்றார் பெரியவர்.

"வட்டைத் திருப்பி மாட்டிட்டேன் மாமா. லென்ஸ் வழியா போனா எல்லாமே தலைகீழாத்தான் விழும். இங்க மேல சுத்தினாத்தான் அங்க கீழ இறங்கும்."

"எங்கப்பா காலத்து மழை மேலேருந்துதான் பெஞ்சுது."

"இதுவும் பெய்யும். ரெண்டு நிமிஷம் குடுங்க."

மேடையில் நின்றிருந்த மகன், "அப்பா, இது நல்லா இருக்கே. தாத்தா மொறச்சுப் பாத்தார், மழை பயந்து திரும்பி ஓடிருச்சுன்னு வச்சுக்கலாம். மதகு செலவு மிச்சம்" என்றான்.

"நீ மீசையைப் பிடி. ஒரு பக்கம் தொங்குது."

மழை சரியானது. அடுத்து முகம். அப்பாவின் பழைய படம் ஒன்றை மருமகள் உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் தகட்டில் பதித்துக் கொண்டுவந்திருந்தாள். விளக்குப் பெட்டி மேடைக்கு எதிரே தரையில் இருந்ததால், முகம் திரைக்குப் போகிற வழியில் மகன் நின்றான். முகம் அவன் வயிற்றில் விழுந்தது. அவன் மூச்சை இழுத்தால் அப்பாவின் கன்னம் உப்பியது. விட்டால் அப்பா புன்னகைத்தார். அந்த மனிதர் வாழ்நாளில் புன்னகைத்து யாரும் பார்த்ததில்லை.

"தள்ளி நில்லுடா!"

"எங்க தள்ளி நிக்கறது? மதகு இங்கதானே இருக்கு?"

அவன் தள்ளி நின்றான். இப்போது அவனுடைய நிழல் திரையில் பூதம்போல் எழுந்து அப்பாவின் மூக்கை மறைத்தது. மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஏறினாள். அங்கிருந்து அடித்தால் வெளிச்சம் நடிப்பவர்களின் தலைக்கு மேலே போகும், நிழல் விழாது. அடித்தாள். நிழல் விழவில்லை. அதற்குப் பதிலாக, நெற்றி சிறுத்துத் தாடை பெருத்த யாரோ ஒருவர், பேரிக்காய் மாதிரி முகத்தோடு மேகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

பெரியவர் பால்கனியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யாரும்மா அது?"

"தாத்தாதான் மாமா."

"எங்கப்பா நெத்தியை ஊரே பேசும். இது எங்க குடும்பத்து நெத்தியே இல்ல."

"மேலேருந்து சரிவா அடிக்கறதால கீழ்ப் பக்கம் அகலமாயிடுது. புதுசா ஒரு தகடு பண்ணிடறேன். அதுல நெத்தியைப் பெருசாவும் தாடையைச் சின்னதாவும் பதிச்சா, திரையில சரியா வந்துடும்."

"எங்கப்பா முகத்தைக் கோணலாக்கப் போறியா?"

"முகத்தை இல்ல மாமா. வெளிச்சம்தான் கோணல் பண்ணுது. அதுக்கு முன்னாடியே நாம எதிர்ப் பக்கம் கோணல் பண்ணிடறோம்."

இரண்டு கோணல் சேர்ந்து ஒரு நேர் ஆகும் என்கிற கணக்கைப் பெரியவர் அரசியலில்தான் கேள்விப்பட்டிருந்தார். தலையாட்டி வைத்தார். ஆனால் பழைய தகட்டைத் திருகாணிகளுக்கும் வயர்த் துண்டுகளுக்கும் நடுவே கருவிப் பெட்டியில் போட அனுமதிக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றித் தம்முடைய சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முழு ஒத்திகையில் புதுத் தகடு போட்டார்கள். மேகம் விலகியது. அப்பா எழுந்தார். அதே நெற்றி, அதே மீசை, எதிரே நிற்பவன் ஏதோ தவறு செய்திருக்கிறான் என்று முடிவு கட்டிய அதே பார்வை. பெரியவர் இருமல் வராமலே இருமினார். மருமகள் கீழே இறங்கி வந்து, "எப்படி மாமா?" என்று கேட்டபோது, "பரவாயில்ல" என்றார். அந்த வீட்டில் அது பட்டமளிப்பு விழாவுக்குச் சமம். மகனுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பொறுப்புள்ள மனிதர்கள் எதிலும் அதோடு நிற்பதில்லை.

முதல் காட்சி நாளன்று மதியம், தூசி கீசி படிந்திருக்குமோ என்று பார்க்கப் பெரியவர் பால்கனிக்கு ஏறினார். மருமகள் கீழே மேடையில், ஏணிமேல் நின்று ஒரு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பெரியவர் பெட்டியின் பக்கவாட்டிலிருந்த இரும்புச் சட்டத்தை மெதுவாக உருவினார். அதில்தான் தகடு இருந்தது. கண்ணருகே கொண்டுபோனார்.

அப்பா தலைகீழாக இருந்தார்.

தலைகீழாக மட்டுமா? நெற்றி பூசணிபோல் வீங்கி, தாடை ஒடுங்கி, சிரசாசனம் செய்கிற யாரோ சர்க்கஸ்காரர் மாதிரி. ஒத்திகையில் ஒழுங்காக வந்ததே என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்தார். துடைப்பதற்காக வெளியே எடுத்தவள் அவசரத்தில் திருப்பிப் போட்டிருக்கிறாள் என்று முடிவுக்கும் வந்தார். லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் என்று மருமகள் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் அவள் சொன்னது மழைக்கு. மழைக்கு உள்ள விதி அப்பாவுக்கும் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மழை வேறு, அப்பா வேறு. மழை வந்தால் யாரும் எழுந்து நின்று கைகட்டியதில்லை.

கோணல் அப்பாவைத் திருப்பி வைப்பதைவிடக் கோணாத அப்பாவையே வைப்பது என்று, அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே இருந்த பழைய தகட்டை எடுத்தார். கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்தார். அப்பாவை நேராக, நெற்றி மேலே, தாடை கீழே, மரியாதையாகச் சட்டத்தில் பொருத்தி உள்ளே தள்ளினார். கோணல் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கி வரும்போது, தாம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அவருக்கு வியர்த்தது.

மருமகள் சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை. ஒத்திகையில் சரிபார்த்து மூடியதை மறுபடி திறந்து பார்ப்பது, மாமனார் இல்லாத அரங்குகளில் தேவைப்படாத வேலை.

மாலையில் மன்றம் நிறைந்தது. மகன் நடித்தான். அதாவது, மேடைக்கு வந்தான், நின்றான், ஞாபகம் வந்த வசனங்களைச் சொன்னான். ஆனால் வெளிச்சம் நடித்தது. மின்னல் வெட்டியபோது யாரோ ஒருவர் நிஜமாகவே ஜன்னலைப் பார்த்தார். வெள்ளம் வந்தபோது மருமகள் அதை மேடையோடு நிறுத்தவில்லை. இன்னொரு விளக்கிலிருந்து சுழித்து ஓடும் தண்ணீரை மேடை விளிம்பைத் தாண்டி முன்வரிசையின் காலடிவரை வழியவிட்டாள். மைக் தன்னை அறியாமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். பக்கத் திரை மறைவிலிருந்து பெரியவர் அதைப் பார்த்தார். ஒரு வருடத்து எரிச்சலில் பாதி அங்கேயே தணிந்தது.

மதகு அடைபட்டது. மழை ஓய்ந்தது. மேகங்கள் விலகின.

முதலில் ஒரு தாடை வந்தது. தாடை மேலே வந்தது. அதற்குக் கீழே வாய். வாய்க்குக் கீழே மீசை. மீசைக்குக் கீழே மூக்கு, கண்கள், எல்லாவற்றுக்கும் கீழே பரந்து விரிந்த நெற்றி. நெற்றிக்கு இந்த முறை எந்தக் குறையும் இல்லை, நன்றாகவே அகலமாக இருந்தது. மேகத்திலிருந்து யாரோ காலைப் பிடித்துத் தொங்கவிட்டதுபோல் அப்பா ஊரைப் பார்த்தார். அதே நொடியில், பெரியவரே முன்கூட்டிப் பதிவு செய்து வைத்திருந்த குரல் அரங்கம் அதிர முழங்கியது.

"ஒருநாளும் தலை குனியாத மனிதரைப் பாருங்கள்!"

பார்த்தார்கள். மன்றம் சிரித்த சிரிப்பில் போன வருடத்துச் சிரிப்பு வெட்கப்பட்டிருக்கும். பால்கனியில் மருமகள் லென்ஸின் முன்னால் கையை வைத்து மறைத்தாள். திரையில் ஐந்து விரல்கள் யானை அளவுக்கு எழுந்து அப்பாவை விழுங்கின. பிறகு இருட்டு. பெரியவர் பக்கத் திரையைப் பிடித்தபடி நிமிர்ந்துதான் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விளக்குகள் எரிந்ததும் மைக் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். கூடவே உறவில் பாதிப் பேர், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, சிரிப்பை உதட்டுக்குள் கடித்தபடி.

"அண்ணே! பெரியப்பாவை இப்படிக் கவுத்துட்டீங்களேண்ணே!"

பெரியவர் மைக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேச்சே, உங்களைச் சொல்லலண்ணே. இது மருமகப் பொண்ணு வேலைதானே? வெளியேருந்து வந்தவங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க முகம் எது மேல எது கீழன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் குடுக்கணும்ண்ணே. நம்ம மேலயும் தப்பு இருக்கு."

மருமகள் அப்போதுதான் பால்கனியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் பழைய தகடு. அது யாருடைய சட்டைப் பையில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். தகட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மிஷின் என் பொறுப்பு, சின்ன மாமா. என் தப்புதான்" என்றாள்.

அவ்வளவுதான். பிரச்சினை முடிந்துவிட்டது. பெரியவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தொழில்நுட்பக் கோளாறு, இந்தக் காலத்துப் பிள்ளைகள், என்ன செய்வது என்று ஒரு பெருமூச்சு விட்டால், அவருடைய மரியாதை சேதமில்லாமல் வீடு போய்ச் சேரும். அவரும் மூச்சை இழுத்தார். ஆனால் அது பெருமூச்சாக வெளியே வரவில்லை. மைக்கின் முகத்தில் பரவிய திருப்தியைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. அவருடைய வீட்டு மருமகளை, அவர் எதிரிலேயே, ஒழுங்கு தெரியாதவள் என்று சித்தப்பா வீடு பேசுவதா? அதை அவள் தலையில் வாங்கிக்கொள்வதா?

"நான்தான் வச்சேன்" என்றார்.

"என்னண்ணே?"

"அவ வச்சது சரியா இருந்துது. நான் போய் மாத்தினேன். எங்கப்பாவை நேரா வச்சேன். நேரா வச்சா உங்களுக்குத் தலைகீழாத் தெரியும்னு எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்துல அவ ஒருத்திக்குத்தான் தெரியும்."

மகன் மீசையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தான்.

"அதுக்கில்லண்ணே…" என்று மைக் இழுத்தார்.

"நாளைக்கும் வா. முன்வரிசையில உன் நாற்காலி இருக்கும். பக்கத்துல ஒரு முக்காலியும் போடச் சொல்றேன், வெள்ளம் வரும்போது காலைத் தூக்கி வச்சுக்க வசதியா இருக்கும்."

வந்திருந்த உறவு இப்போது உதட்டைக் கடிக்காமலே சிரித்தது. மைக் கிளம்பினார். கை நீட்ட அங்கே மைக்கும் இல்லை.

வீட்டில் மனைவி சாப்பாடு போட்டபடி, "உங்கப்பா ஆயுசுல முதல் தடவையா நாலு பேரைச் சிரிக்க வச்சிருக்கார். அதுக்கு ஏன் இவ்வளவு சோகம்?" என்றார். பெரியவர் மோரை ஊற்றிக்கொண்டார். மருமகளிடம் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கோணல் தகட்டைக் கொண்டுபோய் அவள் எதிரே மேஜையில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காட்சிக்கு முன்னால் பெரியவர் மறுபடி பால்கனிக்கு ஏறினார். மருமகள் சட்டத்தை வெளியே இழுத்து வைத்திருந்தாள்.

"வேற வழியே இல்லையாம்மா?"

"இருக்கு மாமா. லென்ஸைக் கழட்டிட்டா எதுவும் தலைகீழா ஆகாது."

"அப்போ?"

"ஆனா தாத்தாவும் தெரிய மாட்டார். வெறும் வெள்ளையாத் தெரியும்."

பெரியவர் அதையும் ஒரு நிமிடம் பரிசீலித்தார். பிறகு, "அந்தக் குரலை எடுத்துட்டேன்" என்றார்.

"எந்தக் குரல்?"

"அதான், தலை குனியாத… அது வேண்டாம். பேசாம முகம் வந்தா போதும்."

நாடகத்தில் அவர் தாமாக வெட்டிய ஒரே வசனம் அது. மகன் மாதக்கணக்கில் கெஞ்சியும் ஒரு வரி குறைந்ததில்லை. மருமகள் முகத்தில் எதையும் காட்டாமல் தகட்டைத் திருப்பிச் சட்டத்தில் வைக்கப் போனாள்.

"நில்லு. இங்க குடு."

"மாமா, நான் வச்சுடறேனே?"

"எங்கப்பாவைத் தலைகீழா வைக்கணும்னா நான்தான் வைப்பேன். இன்னொருத்தர் வைக்கறதை என்னால பாத்துட்டு நிக்க முடியாது."

அவள் கொடுத்தாள். அவர் தகட்டின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பிடித்தார். வீங்கிய நெற்றியை ஒருமுறை பார்த்தார். 'மன்னிச்சுக்குங்க' என்று உதடு அசைந்ததா என்று மருமகளுக்குத் தெரியாது. அசைந்திருந்தால் அது அவளுக்காகச் சொன்னதில்லை. தகட்டை மெல்லத் திருப்பி, தலையைக் கீழே வைத்து, உள்ளே தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மாமா."

"எனக்கு இடதா, அவருக்கு இடதா?"

"உங்களுக்கு."

நாடகம் தொடங்கியது. பெரியவர் கீழே போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் முதுகு நிமிர உட்கார்ந்திருந்தார். மழை மேலிருந்து கீழே பெய்தது. வெள்ளம் வழிந்தது. மதகு அடைபட்டு, மேகம் விலகி, அப்பா எழுந்தார். மேலே நெற்றி, கீழே தாடை, நடுவே அந்தப் பார்வை. மன்றத்தில் ஒரு சத்தம் இல்லை. சத்தம் போட அங்கே மிச்சமிருந்த ஒரே குரல் பெரியவருடையது, அதையும் அவரே வெட்டிவிட்டிருந்தார்.

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. சட்டத்தின் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாமா, விழாது" என்றாள் மெதுவாக.

"தெரியும்" என்றார்.

விடவில்லை.